ஓ.இ.எம். நிரப்ப வேண்டிய இடம்

என் கடைக்கு வருகிறவர்களை நான் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்புவதில்லை. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலைக்குத் திரும்பியதும் இடது கைப் பக்கம் இருக்கிறது கடை. கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ். வாடிக்கையாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். பக்கத்து ஜெராக்ஸ் கடை ரம்யாவிடம் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். “கலைவாணன் அண்ணனா? அது எப்பவும் வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கினு இருக்கறாப்புல தான் இருக்கும்” என்பாள். அது உண்மைதான்.

அம்மாசி அண்ணே, நீங்கள் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டுகிறவர், மேலே மலையில் எல்லா வீட்டிலும் நல்ல பெயர் எடுத்தவர். எனக்கும் சங்கவிக்கும் சம்பந்தம் பேசி முடித்தவரும் நீங்கள்தான். “இன்னா நடந்துச்சு, ஏன் செஞ்ச, ஒண்ணுவுடாம சொல்லு. நான் மேல போயி அத்த அப்படியே சொல்லணும்” என்றீர்கள். பெண்ணின் அப்பா வெள்ளையன் மாமா நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பத் துடித்துக்கொண்டிருக்கிறார். சங்கவி மட்டும், “ஏன்னு வாயத் தொறந்து சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்” என்று தடுத்து வைத்திருக்கிறாள். ஆக என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இப்போது நான் சொல்லப்போவதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருக்கிறது. அதனால் பதற்றப்படாமல் சொல்கிறேன். டீ ஆறிவிட்டால் சொல்லுங்கள், வேறு வரவழைக்கலாம்.

கம்பெனி லேப்டாப் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரியல் நம்பர் உண்டு. டி.வி. சீரியல் இல்லை, கோவில் திருவிழாவில் கட்டுகிற சீரியல் லைட்டும் இல்லை. இது அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரிய எண். லேப்டாப்பைக் கவிழ்த்தால் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் தேய்ந்துபோனாலும் கவலையில்லை, உள்ளே பயாஸ் என்கிற இடத்தில் அதே எண் பதிந்திருக்கும். கறுப்புத் திரையைத் திறந்து wmic bios get serialnumber என்று ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினால், கம்ப்யூட்டர் தன் எண்ணைச் சொல்லிவிடும். புது விண்டோஸுக்கு வேறு வரி, லினக்ஸுக்கு வேறு வரி. எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மனிதர்களிடம் இந்தக் குணத்தை நான் பார்த்ததில்லை.

நாங்களே அசெம்பிள் செய்து விற்கிற கம்ப்யூட்டர் அப்படியில்லை. போர்டு ஒரு இடத்திலிருந்து வரும், ராம் ஒரு இடத்திலிருந்து வரும், பெட்டி உளுந்தூர்பேட்டையில் லாரி மாறி வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுகிறவன் நான். அதில் அந்த வரியை அடித்தால் எண் வராது. ‘To be filled by O.E.M.’ என்று வரும். ஓ.இ.எம். நிரப்ப வேண்டியது என்று அர்த்தம். இதை நான் முதல் முறை கவனித்தபோது ரம்யா எனக்குப் பின்னால் பேப்பர் கடன் கேட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“ஓம்னு வருது பாருண்ணா. ஓம் வந்து ரொப்புவாருன்னு போட்டுக்கீது. சாமி சமாச்சாரம், கை வெக்காத” என்றாள்.

அது ஓம் இல்லை, பொருளைச் செய்தவன் என்பதற்கான இங்கிலீஷ் சுருக்கம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு யோசித்தேன். இந்தப் பொருளைச் செய்தவன் யார்? திருகாணி முடுக்கியது நான். விண்டோஸ் ஏற்றியது நான். கெட்டுப்போனால் திட்டு வாங்கப்போவதும் நான். அப்படியானால் நிரப்ப வேண்டியவன் நான்தான் என்று அந்தக் கம்ப்யூட்டரே எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஒருவர் நமக்கென்று இடம் போட்டு வைத்திருக்கும்போது நாம் போய் உட்காராமல் இருந்தால் அது அவமரியாதை. பயாஸில் எழுதுவதற்குச் சின்னதாக ஒரு டூல் இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். தப்பாக ஏதாவது செய்ய வேண்டும் என்கிற எண்ணம் அப்போது துளிகூட இல்லை. இப்போதும் இல்லை.

முதலில் எழுதியது சாதுல்லா பாய்க்கு. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாரே, பைப்பு, பெயின்ட், ஆணி, அவர்தான். தங்கமான மனிதர். ஆர்டர் கொடுத்திருந்த கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்க வந்தவர் அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து, ஆணி ஏன் துருப்பிடிக்கிறது என்று பேச ஆரம்பித்தார். எனக்குச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அவர் கிளம்பியபோது வாசல்வரை போய் அனுப்பி வைத்தேன். திரும்பி வந்து அவருடைய கம்ப்யூட்டரில் சீரியல் நம்பர் இடத்தில் ‘அறுவை’ என்று எழுதினேன். பயாஸில் தமிழ் ஏறாது, இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதினேன். உங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தமிழில் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் என் மனசு லேசாகிவிட்டது அண்ணே. அவர்மேல் இருந்த எரிச்சல் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது நான் உண்மையான பிரியத்தோடு சலாம் சொன்னேன். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சீரியல் நம்பரை இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஸ்வீட் ஸ்டால்காரர் ஒருவர், எப்போது வந்தாலும் ஒரே ஜோக்கைச் சொல்லி அவரே சிரிப்பார். அவருடையதில் ‘ஊசிப்போனது’ என்று எழுதினேன். ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வாங்குகிற அன்று தேனாகப் பேசுவார், வாங்கிய மறுநாள் யாரென்று கேட்பார். அவருக்கு ‘சாயம்போகும்’. கல்யாண மண்டபத்துக்காரர் ஒரு பேச்சில் நிற்க மாட்டார். அவருக்கு ‘நிக்காது’. எல்லாமே ஒரே வார்த்தை. கெட்ட வார்த்தை கிடையாது. சாதி, மதம், ஊனம், குடும்பம் எதையும் நான் தொட்டதில்லை. நல்லதாகவும் எழுதியிருப்பேன், அதற்குத் தகுந்த ஆள் யாரும் கடைக்கு வரவில்லை.

மொத்தம் எத்தனை என்று கேட்கிறீர்கள். நான் எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. துருகம் சாலையிலிருந்து ஏமப்பேர் வரைக்கும் பில் அடிக்கிற கடைகளைப் பாருங்கள், பெரும்பாலும் என் கை பட்டதாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நம் இருவருக்கும் நல்லது.

வெள்ளையன் மாமா வந்தது ஒரு மழைக்காலத்தில். மேலே கடுக்காயும் புளியும் சாமையும் வாங்கி விற்கிறவர், பில் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். விலை பேசினோம். பிறகு மவுஸை இனாமாகக் கேட்டார், கொடுத்தேன். ஸ்பீக்கர் கேட்டார், கொடுத்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கேட்டார். கடைசியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, “கம்ப்யூட்டர் இத்தினி வாங்கறோம், இன்னாத்துல ஒக்காந்து பாக்கறதாம்?” என்றார். நின்றுகொண்டே பில் போட்டுக் கொடுத்தேன். அவருடையதில் ‘மலைமுழுங்கி’ என்று எழுதினேன். அவர் யாருடைய அப்பா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லலாம்தான். உண்மையை மட்டும் சொல்வதாக உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை.

சங்கவி அதற்குப் பிறகு ஒரு நாள் வந்தாள். காலேஜ் முடித்து அப்பாவுக்குக் கணக்கு வழக்கு பார்க்கத் தொடங்கியிருந்த சமயம். அவளுடைய லேப்டாப் கம்பெனி லேப்டாப், போர்டு போய்விட்டது. புது போர்டு வரவழைத்து மாற்றினேன். புது போர்டில் சீரியல் நம்பர் இடம் காலியாக வரும். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு தடவைதான் ஏற்ற முடியும். ஏற்றியதும் அது பூட்டிக்கொள்ளும், பிறகு நானே நினைத்தாலும் திறக்காது.

அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “ஏங்க, ஃபேன் உங்களுக்கு மட்டும் தானா? நானும் மனுசி தானேங்க” என்றாள். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஃபேனைத் திருப்பிவிட்டேன். ஸ்டிக்கரைக் குனிந்து பார்க்க வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதினேன். என்ன வார்த்தை என்பது அதன் இடத்தில் வரும், நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள்.

அவள் போன பிறகு ஃபேனைத் திருப்பவே இல்லை. வேர்க்க வேர்க்க உட்கார்ந்து வேலை பார்த்தேன். ரம்யா வந்து, “காலி ஸ்டூலுக்கு எதுக்குண்ணா காத்து?” என்று கேட்டாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காட்டிய எந்த இடமும் எனக்குச் சரிப்படவில்லை. வெள்ளிமலை விலாசத்தைப் பில் புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் உங்களைத் தேடி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தேன். “வெள்ளையன் பொண்ணா? அந்தாளு ஒத்துக்க மாட்டாரேப்பா” என்றீர்கள். ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான் என்றதும் அவருக்கு இன்னும் கேட்டு வாங்க வேண்டியவை நினைவுக்கு வந்திருக்கும். நாம் நல்லபடியாகவே எடுத்துக்கொள்வோம்.

நிச்சயத்தன்று காலையில் நான் வேட்டி மடிப்பில் அந்தப் பென்டிரைவைச் செருகிக்கொண்டுதான் உங்கள் ஜீப்பில் ஏறினேன். மாமாவின் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது, அதில் எழுதியதை மாற்ற முடியும். எல்லாரும் பந்தியில் உட்காரும்போது நான் உள்ளே போய் ‘மலைமுழுங்கி’யை எடுத்துவிட்டு வெறும் எண்ணைப் போட்டுவிடுவது என்று திட்டம். பெரியவர்களிடம் எனக்கு இருக்கிற மரியாதையை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

அதே காலையில்தான் பில்லிங் சாஃப்ட்வேர்காரர்கள் எல்லாக் கடைக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இனிமேல் ஒரு உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான், உங்கள் ஹார்டுவேர் சீரியல் நம்பரைப் பதிவு செய்யுங்கள் என்று. எந்த வரியை அடித்தால் நம்பர் வரும் என்று படம் போட்டு விளக்கியும் இருக்கிறார்கள். நான் கடையில் இருந்திருந்தால் எல்லாரும் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆளுக்கொரு பொய் எண்ணைச் சொல்லி, ஊரே நிம்மதியாக இருக்கும்படி முடித்திருப்பேன். நான் மலையில் இருந்தேன். என் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. ஆகவே அவரவரே அடித்துப் பார்த்துக்கொண்டார்கள். இதில் என் தவறு என்ன என்று நான் நிறைய யோசித்துவிட்டேன்.

சாதுல்லா பாய் முதலில் தன் கடை லைசென்ஸ் நம்பரை அனுப்பியிருக்கிறார். ஹார்டுவேர் நம்பர் என்றால் ஹார்டுவேர் கடை நம்பர்தானே என்று நினைத்துவிட்டார். அவர்கள் இது இல்லை என்று திருப்பியதும் அந்த வரியை அடித்தார். திரையில் ‘அறுவை’ என்று வந்திருக்கிறது. “ஹார்டுவேர் கடைக்குன்னு தனியா செஞ்சிருக்கான், அதான் ரம்பம் ஞாபகமா பேரு வெச்சிருக்கான்” என்று வீட்டில் மனைவி மெஹ்ராஜ் பேகத்திடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் பதிவு செய்துவிட்டார்.

மேலே நடந்ததற்கு வருகிறேன். நீங்கள் பந்தியில் இருந்தீர்கள், கடைசிப் பகுதியைத்தான் பார்த்தீர்கள். தட்டு மாற்றியாயிற்று. நான் மெதுவாகக் கம்ப்யூட்டர் இருக்கிற அறைப் பக்கம் நகர்ந்தேன். மாமா என் தோளில் கை போட்டு அவரே அங்கே அழைத்துப் போனார். பின்னாலேயே சொந்தக்காரர்களையும் கூப்பிட்டார்.

“மாப்ள, நம்ம கம்ப்யூட்டருக்கும் இன்னாவோ நம்பர் கேக்கறான். மாப்ள இருக்கசொல்ல நான் எதுக்கு வெளிய ஆளத் தேடணும்? எல்லாரும் பாருங்க, எப்படி எடுக்கறாருன்னு.”

மாமாவுக்குக் கேபிள் வழியாக இன்டர்நெட் இருக்கிறது என்பதை நான் மறந்திருந்தேன். நான் விற்ற நாற்காலியில், அதாவது நான் இழந்த நாற்காலியில், உட்கார்ந்தேன். அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். வேண்டுமென்றே தப்பாக அடித்து அழித்து அடித்தேன். மலையில் எந்நேரமும் கரண்ட் போகும். அன்று பார்த்துப் போகவே இல்லை. வேறு வழியில்லாமல் என்டரைத் தட்டினேன்.

திரையில் வந்தது. நான் உடனே வாசித்தேன். “எம், ஏ, எல், நாற்பத்தியேழு, ஜீரோ...”

“அப்படி இல்லியே,” என்றாள் சங்கவி, எனக்குப் பின்னாலிருந்து. “மலைமுழுங்கின்னு இல்ல கீது.”

“யாரு?” என்றார் மாமா.

“மாடல் பேரு மாமா” என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “மலைன்னு வருதே. நம்ம மலைக்குன்னே தனியா செஞ்சிக் குடுத்தியா?” ஆமாம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சொந்தக்காரர் வேடியப்பனிடம், “மலையையே முழுங்கற அளவுக்குக் கொள்ளளவு ஜாஸ்தின்னு அர்த்தம்” என்று விளக்கவும் செய்தார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் அண்ணே. அவர் என்னைக் கட்டிப்பிடிக்க இருந்தார்.

சங்கவி சிரிக்கவில்லை. “அப்போ என் லேப்டாப்புக்கு இன்னா மாடலுன்னு பாக்கறேன்” என்று உள்ளே போய் எடுத்து வந்தாள். எனக்கு முன்னால் வைத்து, நின்றபடியே அந்த வரியை அடித்தாள். என்னைவிட வேகமாக அடித்தாள். அப்போதும் எனக்கு அவள்மேல் பெருமையாகத்தான் இருந்தது.

திரையில் ‘சுமார்’ என்று வந்தது.

பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற வார்த்தை அது. பெண் வீட்டில், நிச்சயத்தன்று, மைத்துனிகளும் சித்திகளும் சுற்றி நிற்கையில் இங்கிலீஷ் எழுத்தில் அது எரிந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். சங்கவியின் அம்மா ஆயம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “சுமாரா? யாரு சுமாரு? எம்பொண்ணா?” என்றார்.

“எப்ப எயுதனீங்க?” என்று சங்கவி என்னைக் கேட்டாள்.

“போர்டு மாத்தின அன்னைக்கு.”

“என்னப் பாத்தா?”

“ஸ்டிக்கரத்தான் பாத்திருக்கணும்” என்றேன்.

“அப்போ எங்கப்பாவுதும் நீங்க எயுதனது தானா?”

ஆமாம் என்றேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவன் நான். மாமா என் தோளிலிருந்து கையை எடுத்தது அப்போதுதான். எழுந்து நின்றேன், மடிப்பிலிருந்த பென்டிரைவ் தரையில் விழுந்தது. “இதுல இன்னா கீது?” என்றார் மாமா. எழுதுகிற டூல் என்றேன். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை இதையெல்லாம் செருகிக்கொண்டு வருவானா என்று வேடியப்பன் கேட்டது நியாயமான கேள்வி. மாற்றி எழுதத்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அது எடுபடவில்லை.

சங்கவி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். “உங்களோட கம்ப்யூட்டருல இன்னா எயுதி வெச்சிக்கினு இருக்கீங்க?”

என் கம்ப்யூட்டரில் ‘நல்லவன் 001’ என்று இருக்கிறது. அதைச் சொன்னேன். எதற்கு ஒன்று என்று கேட்டாள். பின்னால் வேறு யாராவது தகுதியானவர் வந்தால் இரண்டு கொடுக்கலாம் என்று ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன், இதுவரை இரண்டுக்குத் தேவை வரவில்லை என்று விளக்கினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்தாள் என்றுதான் நான் நம்புகிறேன். நீங்கள் இருமல் என்கிறீர்கள். ஆயம்மாள் அத்தை, “அயுதுக்கினே போவுது எம்பொண்ணு” என்றார். மூன்றில் எது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் என்னைக் கீழே கொண்டுவந்து விட்டபோது, கச்சிராயபாளையம் தாண்டி டவர் கிடைத்ததும் என் போன் அடித்த அடி உங்களுக்குத் தெரியும். சாஃப்ட்வேர்காரர்கள் சொல்லாத ஒன்றையும் செய்திருந்தார்கள். பதிவு செய்த நம்பரை ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்வீட் ஸ்டாலில் மைசூர்பாகு வாங்கியவர்கள் எல்லாரும் பில்லில் ‘ஊசிப்போனது’ என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடை இவ்வளவு நேர்மையாக இருக்கிறதே என்று ஒருவர் பாராட்டிவிட்டு இனிப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடையில் நைனார்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “நீயே சாயம்போவும்னு எயுதிக் குடுத்துட்டு என் தலையில கட்டறியா?” என்று புடவையை மேசைமேல் போட்டிருக்கிறார். சாதுல்லா பாய் கடையில், “நான் பைப்ப அறுக்கவே சொல்லல, அறுவைன்னு எதுக்குப் போட்ட?” என்று சண்டை. மண்டபத்துக்காரரிடம் முன்பணம் கட்டிய கல்யாண வீட்டார் பில்லில் ‘நிக்காது’ என்று பார்த்ததும், பெண்ணின் பாட்டி மயக்கம் போட்டு விழுந்திருக்கிறார். அந்த முகூர்த்தத்தை வேறு மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு மட்டும் எனக்கு உண்மையாகவே வருத்தம். பாட்டி நன்றாக இருக்கிறார், விசாரித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது எல்லாரும் கம்ப்யூட்டர் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். நான் மறைக்கவில்லை. ஆமாம் நான்தான் என்றேன், யாருக்கு எதனால் எழுதினேன் என்றும் சொன்னேன். எல்லாருக்கும் டீ சொன்னேன், யாரும் குடிக்கவில்லை. ஸ்வீட் ஸ்டால்காரர் கண் கலங்கி, “என் ஜோக்கா ஊசிப்போனது?” என்று கேட்டார். ஜவுளிக்கடைக்காரர் என்னை வாயில் வந்தபடி திட்டினார். இனி இந்த ஊரில் எவன் என்னிடம் கம்ப்யூட்டர் வாங்குவான் என்று பார்ப்பதாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் அழித்து, வெறும் எண்களைப் போட்டுக் கொடுத்தேன்.

சாதுல்லா பாய் கடைசியாக வந்தார். அவர் கோபப்படவில்லை. ஏன் கோபப்படவில்லை என்பதை எனக்கு விளக்கினார். ரம்யா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள், அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. என் தண்டனையை நான் முழுதாக அனுபவித்தேன் என்பதை மேலே கட்டாயம் சொல்லுங்கள்.

மீதி இருப்பது சங்கவியின் லேப்டாப். அதை மாற்ற முடியாது, பூட்டிக்கொண்டுவிட்டது. ஏன் அப்படி எழுதினேன் என்று அவள் கேட்கிறாள். அதைத்தான் இப்போது சொல்கிறேன், வார்த்தை மாறாமல் கொண்டுபோங்கள். நான் எழுதியதையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். அறுவை, ஊசிப்போனது, சாயம்போகும், நிக்காது, மலைமுழுங்கி. இத்தனைக்கு நடுவில் ஒரே ஒரு ஆளுக்கு ‘சுமார்’ என்று எழுதியிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் என் கை நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மற்றவர்கள் இதை ‘பிடித்துப்போய்விட்டது’ என்று சொல்வார்கள். எனக்கு அந்த அளவுக்கு மிகைப்படுத்திப் பழக்கமில்லை.

நீங்கள் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம் அண்ணே. நான் சும்மா இருக்கவில்லை. அதோ அந்த அட்டைப்பெட்டியில் இருப்பது அவளுக்காக நானே பூட்டிய புதுக் கம்ப்யூட்டர். இருப்பதிலேயே நல்ல போர்டு, நல்ல ராம். அதிலும் ‘ஓ.இ.எம். நிரப்ப வேண்டியது’ என்றுதான் வந்தது. அதை நிரப்புவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். ‘நல்லவள் 002’ என்று போடலாமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் அவ்வளவு தூரம் போவது பொறுப்பில்லாத வேலை என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மனசில் இருந்த பிரியத்தையெல்லாம், அவள் இல்லாமல் எனக்கு இனி ஒன்றும் சரிப்படாது என்பதையும் சேர்த்து, எழுதிவிட்டேன். இதுவரை யாருக்கும் கொடுக்காததைக் கொடுத்திருக்கிறேன். அசெம்பிள் செய்ததையும் பூட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் இனிமேல் கை வைக்க முடியாதபடி பூட்டியும் விட்டேன். ஜீப்பில் மேடு பள்ளத்தில் ஆடாமல் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். சங்கவியே சுவிட்சைப் போடட்டும், அந்த வரியை அவளே அடிக்கட்டும், வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படிக்கட்டும். அதற்கு மேல் அந்தக் குடும்பம் என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

திரையில் ‘சுமாருக்கு மேல’ என்று வரும்.